ஆவர்த்தன அட்டவணையைச் சுவரில் மாட்டுவதற்கு முன்: ஏழு பாடவேளைகளில் நடத்த ஒரு முழு வழிகாட்டி

கடலூர்ப் பக்கம் எந்தப் பள்ளி ஆய்வகத்துக்குள் நுழைந்தாலும் ஆவர்த்தன அட்டவணை ஒன்று தொங்கும். ஓரம் சுருண்டிருக்கும், உப்புக்காற்றில் பழுப்பேறியிருக்கும். இந்தப் பாடத்தைத் தொடங்கும் நாளில் நான் செய்யும் முதல் வேலை, அதைக் கழற்றிச் சுருட்டி பீரோ மேல் வைப்பதுதான். விடைத்தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு வினாத்தாளைக் கையில் கொடுத்தால் யார் யோசிப்பார்கள்?

பல வருஷம் நானும் அட்டவணையைக் காட்டித்தான் நடத்தினேன். "அணு ஆரம் தொடரில் இடமிருந்து வலமாகக் குறையும், தொகுதியில் மேலிருந்து கீழாக அதிகரிக்கும்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். (தொடர் என்பது அட்டவணையின் குறுக்கு வரிசை, தொகுதி நெடுக்கு வரிசை.) ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனிடம் ஏன் குறைகிறது என்று கேட்டேன். "அம்புக்குறி அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றான். அவன்மேல் தப்பில்லை, அம்புக்குறியைத் தவிர நான் அவனுக்கு வேறெதையும் கொடுத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை ஒரே கேள்வியின் மேல் நிற்க வைத்தேன்: வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரானை அணுக்கரு எவ்வளவு பலமாக இழுக்கிறது? போக்குகள் எல்லாமே அந்த இழுப்பிலிருந்து வருபவைதான்.

யாருக்கு நடத்துகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலூரில் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் 9-ம் வகுப்பிலேயே தொகுதி, தொடர் என்ற சொற்களைக் கேட்டிருப்பார்கள். 10-ல் போக்குகள் வரும், 11-ல் விரிவாக வரும். ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் புதுச்சேரியில் நிலைமை வேறு. அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன, பாடச்சுமையைக் குறைத்தபோது என்.சி.இ.ஆர்.டி. 10-ம் வகுப்புப் புத்தகத்திலிருந்து இந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். அதனால் அங்கே 11-ல் சேர்பவருக்கு இது முதல் சந்திப்பாகவே இருக்கலாம். கீழே சொல்லும் ஏழு வகுப்புகளில் (பாடவேளைகளில்) முதல் நான்கை அவர்களுக்குக் கட்டாயம் நடத்துங்கள். 11-ம் வகுப்பு என்பதற்காக நேராக ஆர்பிட்டாலுக்கு (அணுவில் எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள பகுதி) தாவ வேண்டாம்.

தேவையான பொருள்கள்

பழைய கல்யாணப் பத்திரிகைகள் போதும். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அட்டையும் கெட்டி. 40 பேர் வகுப்பை ஐந்தைந்து பேராக எட்டுக் குழுவாக்கினால் குழுவுக்கு 16 அட்டை, மொத்தம் 128. ஒவ்வோர் அட்டையிலும் தனிமத்தின் பெயர், அணு நிறை, ஓர் அணு எத்தனை ஹைட்ரஜனோடு சேரும் என்ற எண், ஒரு வரி அடையாளம் (மஞ்சள் திடப்பொருள், நெடியடிக்கும் வாயு, வெட்டினால் மினுங்கும் உலோகம் என்பதுபோல). அணு எண்ணை (அணுக்கருவில் எத்தனை புரோட்டான் என்ற எண்) எழுதவே கூடாது. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அதுதான்.

எந்தப் பதினாறு? முதல் 20 தனிமங்களில் ஹீலியம், நியான், ஆர்கான் மூன்றையும் எடுத்துவிடுங்கள். சிலிக்கானையும் ஒளித்து வையுங்கள். இந்த நான்கையும் தனி உறையில் போட்டு மேசை டிராயரில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இவை தவிர ஜியோமெட்ரி பாக்ஸ், வரைபடத்தாள், ஒரு தீப்பெட்டி நிறைய சில்வர் பீச் மணல்.

முதல் வகுப்பு: கூறு போடுவது

தனிமம் என்ற சொல்லையே எடுக்காமல் ஆரம்பியுங்கள். துறைமுகத்தில் மீன் கூறு போட்டு விற்பதைப் பார்த்தவர்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். சிலருக்கு அது வீட்டு வேலை. "ஒரு கூடை மீன் வந்து இறங்கியிருக்கு. எப்படிப் பிரிப்பீங்க?" என்று கேளுங்கள். ஒருத்தி ரகம் பார்த்து என்பாள்: சங்கரா ஒரு பக்கம், கானாங்கெளுத்தி ஒரு பக்கம். இன்னொருவன் எடை பார்த்து என்பான். இரண்டையும் ஒரே நேரத்தில் காட்ட முடியுமா என்று அடுத்து கேளுங்கள். ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் யாராவது எழுந்து வந்து, குறுக்கே எடை ஏறுகிற மாதிரியும் நெடுக்கே ஒரே ரகம் வருகிற மாதிரியும் கரும்பலகையில் கட்டம் போடுவார்கள். அட்டவணையின் எலும்புக்கூடு அதுதான்.

வரலாற்றில் முதலில் தேடியதும் ரகம்தான். ஜெர்மானியரான டாபரைனர் ஒரே குணமுள்ள தனிமங்களை மூன்று மூன்றாகச் சேர்த்தார். லித்தியம் 7, சோடியம் 23, பொட்டாசியம் 39 என்று எழுதிப் போட்டு, முதலையும் கடைசியையும் கூட்டிப் பாதியாக்கச் சொல்லுங்கள். 23 வரும். குளோரின் 35.5, புரோமின் 80, அயோடின் 127-க்கும் செய்து பார்க்கட்டும். 81-க்குப் பக்கத்தில் வரும். ஒரு கணக்கு அச்சாகவும் இன்னொன்று சற்றே பிசகியும் வருவதை மறைக்க வேண்டாம். ஆங்கிலேயரான நியூலாண்ட்ஸின் எண்ம விதிக்கு இரண்டு நிமிஷம் போதும். ச ரி க ம ப த நி முடிந்து மறுபடி ச வருவதுபோல எட்டாவது தனிமத்தில் குணம் திரும்புகிறது என்றார், கால்சியம் தாண்டியதும் அது கைவிட்டது. பரீட்சைக்கு அவ்வளவுதான் வேண்டும்.

இரண்டாம் வகுப்பு: அட்டைகளைப் பரப்புதல்

அட்டைக்கட்டைக் கொடுத்து, அணு நிறை ஏறுகிற வரிசையில் தரையில் ஒரே நீளமாகப் பரப்பச் சொல்லுங்கள். பெஞ்சில் இடம் போதாது, வராந்தாவுக்கு அனுப்பிவிடுங்கள். காற்றடித்தால் அட்டை பறக்கும், ஆளுக்கொரு கூழாங்கல் கொடுங்கள். ஹைட்ரஜன் எண்ணை மட்டும் வரிசையாக வாசிக்கச் சொன்னால் இப்படி வரும்:

1, 1, 2, 3, 4, 3, 2, 1, 1, 2, 3, 3, 2, 1, 1, 2.

இதை நீங்கள் விளக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். "ஏறி இறங்குது சார்" என்று முதலில் ஒரு குழு சொல்லும். 1-க்கு அடுத்து மறுபடி 1 வரும் இடங்களில் வரிசையை ஒடித்து, துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். லித்தியத்தின் கீழ் சோடியம், அதன் கீழ் பொட்டாசியம் தானாக வந்து உட்காரும். புளோரினுக்கு நேர் கீழே குளோரினை வைக்கப் போனால்தான் வரிசையில் ஓர் இடம் குறைவது தெரியும். ஹைட்ரஜன் அட்டை மட்டும் மேலே அநாதையாக நிற்கும். அதை லித்தியத்துக்கு மேலே வைப்பதா, புளோரினுக்கு மேலே வைப்பதா என்று குழுக்களுக்குள் சண்டை வரும். வரட்டும், தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இரண்டாம் வரிசை 1, 2, 3, 4, 3, 2, 1 என்று ஒழுங்காக இருக்க, மூன்றாவது மட்டும் 1, 2, 3, 3, 2, 1 என்று நடுவில் பல் விழுந்த மாதிரி இருக்கும். அலுமினியம் 27, பாஸ்பரஸ் 31. நடுவில் ஒன்று காணவில்லை என்று இரண்டு மூன்று குழுக்களாவது கண்டுபிடித்துவிடும். அந்த இடத்தில் வெற்று அட்டை ஒன்றை வைத்து, அதன் நிறை, ஹைட்ரஜன் எண், ஆக்சிஜனோடு எந்த விகிதத்தில் சேரும் ஆகிய மூன்றையும் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். நிறை 29 என்பார்கள், இரு பக்கத்து எண்களின் சராசரி. ஹைட்ரஜன் எண் 4. மேலே இருக்கும் கார்பன் இரண்டு ஆக்சிஜனோடு சேர்வதால் இதுவும் ஒன்றுக்கு இரண்டு.

இப்போது தீப்பெட்டியைத் திறந்து மணலைக் கொட்டுங்கள். தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் தினமும் காலில் ஒட்டிக்கொண்டு வரும் மணல். அதில் பெரும்பாலும் இருப்பது ஒரு சிலிக்கானுக்கு இரண்டு ஆக்சிஜன் சேர்ந்த பொருள். ஒளித்து வைத்த அட்டையை எடுத்துக் காட்டுங்கள். நிறை 28.1, ஹைட்ரஜன் எண் 4. வகுப்பில் எழும் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு வருஷம் இதே இடத்தில் ஒரு மாணவி, "சார், 27-க்கும் 31-க்கும் நடுவுல 4 இடைவெளின்னு ஒண்ணு இருந்துச்சு. 19-க்கும் 23-க்கும் நடுவுலயும் 4 தானே? அங்க யாரு?" என்றாள். புளோரினுக்கும் சோடியத்துக்கும் நடுவே. நான் அதுவரை அந்த இடைவெளியைக் கவனித்ததே இல்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று தப்பித்தேன். இப்போது யாரும் கேட்காவிட்டால் நானே கேட்டுவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்பு: மெண்டலீவ் விட்ட இடமும் விடாத இடமும்

இப்போது ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவைக் கொண்டுவரலாம், அவர் செய்ததைத்தான் பிள்ளைகள் நேற்றுச் செய்து முடித்திருக்கிறார்கள். 1869-ல் அவர் கையில் இருந்தவை 63 தனிமங்கள். பொருந்தாத இடத்தில் ஏதோ ஒன்றைத் திணிக்காமல் காலியாக விட்டு, வரப்போகிறவருக்கு எகா-அலுமினியம், எகா-சிலிக்கான் என்று பெயரும் வைத்தார். 'எகா' என்றால் என்ன என்று கேளுங்கள். ஏகாதசி, ஏகாம்பரம் தெரிந்த ஊர்ப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துவிடுவார்கள்: வடமொழியில் ஒன்று. அலுமினியத்துக்கு ஒரு படி கீழே என்று பொருள்.

1875-ல் பிரெஞ்சுக்காரர் லெகோக் தெ புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து அதன் அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். அந்த உலோகத்தைக் கண்ணாலும் பார்த்திராத மெண்டலீவ், 5.9-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார். சுத்தப்படுத்தி அளந்தபோது 5.9 வந்தது. இந்தக் கதையைச் சுருக்காமல் சொல்லுங்கள். 1886-ல் வின்க்லர் கண்டுபிடித்த ஜெர்மானியத்தை அட்டவணைப் பயிற்சியாகக் கொடுக்கலாம்: ஊகித்த நிறை 72, கிடைத்தது 72.6, குளோரைடின் கொதிநிலை 100 டிகிரிக்குக் கீழே என்றார், அது 84 டிகிரி.

அப்புறம் அந்த மாணவியின் கேள்விக்கு வாருங்கள். டிராயரிலிருந்து நியான் அட்டையை எடுங்கள். நிறை 20.2, ஹைட்ரஜன் எண் 0. மெண்டலீவ் ஏன் இந்த இடத்தைக் காலியாக விடவில்லை? எண்வரிசையைப் பார்க்கட்டும். சிலிக்கான் இல்லாதபோது 3, 3 என்று பல் விழுந்தது தெரிந்தது. நியான் இல்லாதபோது 1, 1 என்று வருவது இயல்பாகத் தெரிகிறது. எதோடும் சேராதவன் வராவிட்டால் பந்தியில் யாருக்குத் தெரியும்? ஹீலியத்தின் கதை 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை ஆந்திராவின் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் ஆராய்ந்ததிலிருந்து தொடங்குகிறது என்றாலும், பூமியில் அதை வேதியியலாளர் ராம்சே பிரித்தெடுத்தது 1895-ல்தான். ஆர்கான் அதற்கு முந்தைய வருஷம் கிடைத்தது, நியான் 1898-ல். ஒரு முழுத் தொகுதியே பின்னால் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டது, அட்டவணை கலையவில்லை.

ஆர்கான் அட்டையைக் கடைசியாகக் கொடுங்கள். நிறை 39.95. வரிசைப்படி வைக்கப் போனால் பொட்டாசியம் 39.1 முன்னால் வருகிறது. நிறையை நம்பினால் பொட்டாசியம் நியானுக்குக் கீழேயும், ஆர்கான் சோடியத்துக்குக் கீழேயும் உட்கார வேண்டும். தண்ணீரில் போட்டால் தீப்பற்றும் உலோகம் மந்த வாயுக்களோடு! பிள்ளைகள் தயங்காமல் இரண்டையும் இடம் மாற்றுவார்கள். "நிறை வரிசையில்தானே அடுக்கச் சொன்னேன்? யாரைக் கேட்டு மாத்தினீங்க?" என்று கொஞ்சம் அதட்டுங்கள். அவர்கள் வாதாட வேண்டும். மெண்டலீவும் டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9 விஷயத்தில் இதே வம்பில் மாட்டி, குணத்தின் பக்கம்தான் சாய்ந்தார்.

நான்காம் வகுப்பு: அணு எண், பிறகு வீட்டு முகவரி

அந்த வம்பைத் தீர்த்தவர் ஆங்கில இயற்பியலாளர் மோஸ்லே. 1913-ல் தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, அடுக்க வேண்டியது அணுக்கருவின் மின்சுமையை வைத்து என்று காட்டினார். ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19, விவகாரம் முடிந்தது. இரண்டே வருஷத்தில் கலிப்போலிப் போர்க்களத்தில் இறந்தபோது அவருக்கு வயது 27 என்று சொன்னால் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாது. இப்போதுதான் பிள்ளைகள் தங்கள் அட்டைகளின் மூலையில் 1 முதல் 20 வரை அணு எண் எழுத வேண்டும். தனிமங்களின் குணம் அணு எண் வரிசையில் திரும்பத் திரும்ப வருகிறது என்ற நவீன ஆவர்த்தன விதியை எழுதிப் போடுவதும் இப்போதுதான்.

அடுத்து எலக்ட்ரான் அமைப்பு. ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் 2, 8, 1 என்பதுபோல எழுதட்டும். எழுதி முடித்துவிட்டு நெடுக்கே பார்த்தால் கடைசி எண் ஒன்றாக இருக்கும், குறுக்கே பார்த்தால் எத்தனை எண்கள் என்பது ஒன்றாக இருக்கும். தொகுதி, தொடர் இரண்டுக்கும் இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை. ஹீலியம் மட்டும் இடிக்கும்: கடைசி எண் 2, ஆனால் மெக்னீசியத்தோடு சேராமல் மந்த வாயுக்களோடு இருக்கிறது. முதல் கூடு இரண்டிலேயே நிரம்பிவிடுகிறது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஊரே உதவும். நேரு வீதி கிழக்கு மேற்காகப் போகிறது, மிஷன் வீதி வடக்கு தெற்காகப் போகிறது; இரண்டு பெயரையும் சொன்னால் எந்த முக்கு என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாம் தொடர், 17-ம் தொகுதி என்றால் அது குளோரின். கடலூரில் தெருக்கள் அவ்வளவு ஒழுங்காக இல்லை, அதனால் இங்கே இந்த உவமை எடுபடாது.

முழு அட்டவணையைப் பீரோவிலிருந்து இறக்கலாம். தொடர்களின் நீளத்தை எண்ணச் சொல்லுங்கள்: 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டினால் 118. ஏழாம் தொடரின் கடைசி நான்கு காலியிடங்களில் இருந்தவற்றுக்கு 2016-ல்தான் நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசான் என்று பெயர் சூட்டினார்கள். தங்கள் வாழ்நாளிலேயே பெயர் பெற்ற தனிமம் என்றால் பிள்ளைகளுக்குப் பெருமை.

ஐந்தாம் வகுப்பு: இழுப்பு

இதுதான் பாடத்தின் நெஞ்சு. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் வரும்போது கூட்டத்தில் நின்றதை நினைக்கச் சொல்லுங்கள் (புதுச்சேரியில் வைத்திக்குப்பம்). சாமிதான் அணுக்கரு, நீங்கள் வெளிக்கூட்டு எலக்ட்ரான். உங்களுக்கு முன்னால் நிற்கும் வரிசைகள் உள்கூடுகள். அவர்கள் தலை மறைக்கும். பக்கத்தில் தோளோடு தோள் நிற்பவர் அவ்வளவாக மறைப்பதில்லை. சாமி எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: சாமிக்குப் போட்டிருக்கும் விளக்கு எவ்வளவு, எத்தனை வரிசை மறைக்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்.

இதை எண்ணாக்குங்கள். சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான். உள்கூடுகளில் 2, 8 என்று 10 எலக்ட்ரான் மறைக்கிறது. வெளியே இருப்பவனுக்கு எட்டுவது ஏறத்தாழ 1. குளோரினில் 17 புரோட்டான், மறைப்பதோ அதே 10, எட்டுவது 7. மறைக்கும் ஆட்கள் கூடவில்லை, விளக்கு மட்டும் கூடிவிட்டது. பொட்டாசியத்துக்கு 19-ல் 18 போக மறுபடி 1 தான், ஆனால் ஒரு வரிசை தள்ளி நிற்கிறான். 10-ம் வகுப்புக்கு இந்தக் கழித்தல் கணக்கே போதும். 11-ல் மறைப்பை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடும் ஸ்லேட்டர் விதிப்படி போட்டால் சோடியத்துக்கு 2.20, குளோரினுக்கு 6.10 வரும். உள்கூடு முழுசாக மறைப்பதில்லை, பக்கத்தில் நிற்பவரும் கொஞ்சம் மறைக்கிறார் என்று அதற்குப் பொருள் சொல்லுங்கள்.

உவமைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் உங்களைத் தள்ளாமல் இருக்கலாம். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். புளோரினுக்கு வரும்போது இது தேவைப்படும்.

ஆறாம் வகுப்பு: கவராயமும் வரைபடமும்

முதலில் கை தூக்கச் சொல்லி ஓட்டெடுப்பு. சோடியத்தில் 11 எலக்ட்ரான், குளோரினில் 17. எது பெரிய அணு? பாதிக்கு மேல் குளோரினுக்குத்தான் போடுவார்கள், ஆள் கூடினால் வீடு பெரிசாக வேண்டும் என்பது அவர்கள் நியாயம். ஓட்டுகளைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். பிறகு அணு ஆரங்களைப் பிக்கோமீட்டரில் கொடுங்கள்: சோடியம் 186, மெக்னீசியம் 160, அலுமினியம் 143, சிலிக்கான் 117, பாஸ்பரஸ் 110, கந்தகம் 104, குளோரின் 99. பத்தால் வகுத்து மில்லிமீட்டராக எடுத்துக் கவராயத்தால் வட்டம் போட வேண்டும். சோடியம் 18.6 மி.மீ., குளோரின் பத்துக்கும் ஒரு மயிரிழை குறைவு. ஏழு வட்டமும் வரிசையாகச் சுருங்கி வருவதைத் தன் கையால் போட்டவனுக்கு அம்புக்குறி தேவைப்படாது. அதே தாளில் கீழ்நோக்கி லித்தியம் 152, சோடியம் 186, பொட்டாசியம் 231, ருபீடியம் 244, சீசியம் 262. சில கவராயங்கள் திருகு தளர்ந்து நழுவும். பென்சிலை நூல் சுற்றி இறுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வட்டம் முட்டையாகிவிடும்.

ஒவ்வொரு வட்டத்துக்கும் அருகில் நேற்றைய கழித்தல் விடையை எழுத வையுங்கள். வட்டம் சிறுக்கச் சிறுக்க 1, 2, 3, 4, 5, 6, 7 என்று இழுப்பு ஏறும். பேச்சே வேண்டாம்.

அயனியாக்கும் ஆற்றலுக்கு (வெளி எலக்ட்ரான் ஒன்றைக் கழற்றத் தேவைப்படும் ஆற்றல்) வரைபடத்தாளை அகலவாக்கில் திருப்பிக்கொள்ளட்டும். கிடை அச்சில் தனிமத்துக்கு 1 செ.மீ., நிலை அச்சில் 1 செ.மீ.க்கு 200. கிலோஜூல்/மோல் மதிப்புகள் இவை: ஹைட்ரஜன் 1312, ஹீலியம் 2372, லித்தியம் 520, பெரிலியம் 899, போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, புளோரின் 1681, நியான் 2081, சோடியம் 496, மெக்னீசியம் 738, அலுமினியம் 578, சிலிக்கான் 786, பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000, குளோரின் 1251, ஆர்கான் 1521, பொட்டாசியம் 419, கால்சியம் 590.

புள்ளிகளை இணைத்தால் அலை அலையாக வரும். முகடுகளில் யார் என்று பார்க்கச் சொன்னால் மூன்று மந்த வாயுக்கள், பள்ளங்களில் லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்ற கார உலோகங்கள். நியானிலிருந்து சோடியத்துக்கு 2081-லிருந்து 496-க்கு விழுவதை விரலால் தொட்டுக் காட்டட்டும்: புதுக் கூடு தொடங்கியதன் தழும்பு அது. 'ஆவர்த்தனம்' என்ற சொல்லுக்கும் அர்த்தம் அந்தத் தாளில்தான் இருக்கிறது, குணம் சுற்றிச் சுற்றித் திரும்பி வருகிறது.

சுறுசுறுப்பான பிள்ளைகள் ஏறும் வழியில் இரண்டு சறுக்கலைக் கவனிப்பார்கள்: பெரிலியத்துக்கு அடுத்து போரான் குறைகிறது, நைட்ரஜனுக்கு அடுத்து ஆக்சிஜன் குறைகிறது. மூன்றாம் தொடரிலும் அதே இடங்களில் அதே சறுக்கல். "விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணிக்கோ" என்று தள்ளிவிடாதீர்கள். 10-ம் வகுப்பில் அந்த நான்கு புள்ளிகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு விட்டால் போதும். 11-ல் அந்தத் தாளையே எடுத்து, போரானின் புது எலக்ட்ரான் சற்றே உயர்ந்த பி துணைக்கூட்டில் (கூட்டுக்குள் இருக்கும் உட்பிரிவு) உட்கார்ந்திருப்பதால் எளிதில் கழல்கிறது, ஆக்சிஜனில் ஒரே அறையில் இரண்டு பேர் நெருக்கி இருப்பதால் ஒருவனை வெளியேற்றுவது சுலபம் என்று விளக்கலாம். துணைக்கூடுகள் இருக்கின்றன என்பதற்கே அந்தச் சறுக்கல்தான் சாட்சி.

எலக்ட்ரான் கவர்திறனுக்கு அதிக நேரம் வேண்டாம். அதே இழுப்புதான், இந்த முறை பிணைப்பில் பொதுவாக இருக்கும் எலக்ட்ரான் ஜோடியின் மேல். பாலிங் அளவில் இரண்டாம் தொடர் லித்தியம் 1.0-இல் தொடங்கி புளோரின் 4.0-இல் முடிகிறது. எலக்ட்ரான் நாட்டத்தில் (அணு கூடுதலாக ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல்) மட்டும் நிறுத்தி நடத்துங்கள். புளோரின் 328, குளோரின் 349. இழுப்பு அதிகமான புளோரினுக்குக் குறைந்த மதிப்பு எப்படி? குட்டி வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர் இருக்க, எட்டாவது ஆள் நுழையும்போது எல்லோரும் முட்டித் தள்ளுகிறார்கள். நேற்றுச் சொன்ன எல்லை இங்கே கைகொடுக்கிறது.

ஏழாம் வகுப்பு: சோடியம், கவனம்

மண்ணெண்ணெயிலிருந்து இடுக்கியால் எடுத்த சோடியத்தை வடிதாளில் ஒற்றி, கத்தியால் வெட்டினால் வெண்ணெய்போல வெட்டுப்படும். வெட்டிய முகம் வெள்ளிபோல மின்னி, நம் கடற்கரை ஈரக்காற்றில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கும். அந்த மங்கலைப் பார்ப்பதே பாதிப் பாடம். பச்சரிசி மணி அளவுத் துண்டு போதும். அகலத் தொட்டியில் பாதி தண்ணீர், இரண்டு மூன்று சொட்டு பினாப்தலீன் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி), மேலே கம்பிவலை மூடி. உங்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பிள்ளைகள் இரண்டு மீட்டர் தள்ளி. துண்டு உருண்டையாகி ஓடும் தடமெல்லாம் இளஞ்சிவப்புக் கோடு விழும். பக்கத்தில் உப்புத்தாளால் தேய்த்த மெக்னீசியம் நாடாவைக் குளிர்ந்த நீரில் போட்டால் ஒன்றும் பெரிதாக நடக்காது, சுடுநீரில் மெல்ல நிறம் வரும். 496-க்கும் 738-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பொட்டாசியத்தை வகுப்பில் தொடவே வேண்டாம், காணொளி போதும்.

அளவை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணி அடிக்கப் போகிற அவசரத்தில் பட்டாணி அளவு போட்டுவிட்டேன். படாரென்று வெடித்து, கண்ணாடித் தொட்டியில் விரிசல் விட்டு, கூரையில் ஒரு கரும்புள்ளி. பிள்ளைகள் தள்ளி நின்றதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மிச்சத் துணுக்குகளைத் தொட்டியிலோ குப்பைக்கூடையிலோ போடாதீர்கள். மண்ணெண்ணெய்க்கே திருப்புங்கள், தூளாக இருப்பதை எத்தனாலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்த பிறகே கொட்டுங்கள்.

இது முடிந்ததும் கட்டாயம் ஒரு கேள்வி வரும். மரக்காணம் உப்பளத்தில் அப்பா வேலை பார்க்கும் பையன் ஒருவன் கேட்டான்: "சார், உப்புலயும் சோடியம்தானே இருக்கு? பாத்தியில தண்ணியிலயே கிடக்கு, ஏன் வெடிக்கல?" எழுதிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாகக் கேட்டிருக்க மாட்டான். உப்பில் இருப்பது அந்த ஒற்றை எலக்ட்ரானை ஏற்கெனவே குளோரினிடம் கொடுத்துவிட்டு நிற்கும் சோடியம் அயனி. இனி இழக்கத் துடிக்க எதுவும் இல்லை. வெளிக்கூடு ஒன்றே போய்விட்டதால் அதன் ஆரம் 186-லிருந்து 95-க்குச் சுருங்கிவிட்டது. கவராயத்தை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், பழைய வட்டத்துக்குள்ளேயே புதுசைப் போடட்டும். அயனி ஆரம் என்ற தலைப்பைத் தனியாக நடத்த வேண்டியதில்லை.

சோதிப்பது எப்படி

"போக்கை எழுதுக" என்ற கேள்வியைக் குறையுங்கள், அதற்கு அம்புக்குறியே பதில் எழுதிவிடும். நான் வழக்கமாகக் கேட்பது இதுபோல: இரண்டாம் தொடரின் அடுத்தடுத்த நான்கு தனிமங்களின் அயனியாக்கும் ஆற்றல்கள் கலந்து கிடக்கின்றன, 1402, 801, 1314, 1086, எது எது, ஏன்? ஏறுவரிசையில் போட்டு போரான், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்று எழுதுபவன் கடைசி இரண்டில் மாட்டுவான். சிவப்பு வட்டம் போட்ட தாள் நினைவுக்கு வந்தவன் தப்பிப்பான். இன்னொன்று: ஆக்சைடு, புளோரைடு, சோடியம், மெக்னீசியம் அயனிகள் நான்கிலும் பத்து எலக்ட்ரான்தான், எது மிகச் சிறியது? விளக்கு, மறைப்பு, தூரம் என்ற மூன்றையும் வைத்துப் பேசினால் முழு மதிப்பெண். விடை தப்பாக இருந்து காரணம் சரியாக இருந்தால் பாதிக்கு மேல் கொடுத்துவிடுங்கள்.

தவறுகளில் அடிக்கடி வருவது ஒன்று உண்டு. "குளோரினுக்கு எட்டு எலக்ட்ரான் ஆசை, அதனால் இழுக்கிறது" என்று எழுதுவார்கள். அணுவுக்கு ஆசை கிடையாது, அங்கே இருப்பது 17 புரோட்டான். சிவப்பு மையால் "எத்தனை புரோட்டான், எத்தனை மறைப்பு?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை மாறிவிடுகிறது.

பாடம் முடிந்ததும் நல்ல குழு ஒன்றின் அட்டைகளைச் சார்ட்டில் ஒட்டி, அச்சடித்த அட்டவணைக்குப் பக்கத்தில் மாட்டுகிறோம். ஹைட்ரஜன் அட்டையை மட்டும் பசை போட்டு ஒட்டுவதில்லை, குண்டூசியில் குத்தி வைக்கிறோம். ஒரு செட் அதை லித்தியத்துக்கு மேலே வைத்துவிட்டுப் போகும், அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் வந்து புளோரின் பக்கம் நகர்த்துவார்கள். சார்ட்டின் மேல்பகுதி முழுக்க ஊசித்துளையாகிவிட்டது.